யானைகளோடு நிற்கும் டோவிமா

கேள்வி: யானைகளுக்கு நடுவே கறுப்பு கவுன் அணிந்து நிற்கும் அந்தப் பழைய புகைப்பட மாடல் யார்?

பதில்: டோவிமா. நியூயார்க்காரர். டோரத்தி விர்ஜீனியா மார்கரெட் என்ற சொந்தப் பெயர்களின் முன்னெழுத்துகளைக் கோத்து வைத்துக்கொண்ட பெயர் அது. சிறுவயதில் வாதக் காய்ச்சலால் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர், 1950-களில் அமெரிக்காவின் மிக அதிக ஊதியம் பெற்ற மாடல்களில் ஒருவரானார்.

நீங்கள் பார்த்த படத்தை 1955-ல் பாரிஸ் சர்க்கஸ் அரங்கில் ரிச்சர்ட் அவெடன் எடுத்தார். டியோர் நிறுவனத்துக்காக அந்த உடையை வடிவமைத்தவர், அப்போது இளைஞரான ஈவ் சான் லோரான். உடையைவிட டோவிமாவின் கைகளைப் பாருங்கள்! அத்தனை பெரிய உயிர்களுக்கிடையே துளிப் பதற்றமில்லை. மாடலிங்கை வெறும் அழகென்று ஒதுக்குபவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

2010-ல் இதன் பிரதியொன்று 8,41,000 யூரோவுக்கு ஏலம் போனது. டோவிமா கடைசி வருடங்களில் ஃபுளோரிடாவில் ஒரு பீட்சா உணவகத்தில் வேலை பார்த்து, 1990-ல் மறைந்தார். அவெடனைக் கொண்டாடும்போது இவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.