கூட்டுப் பட்டாவும் புயல் நிவாரணமும்

கேள்வி: ஐயா, எங்கள் பூர்வீக நிலத்தை அப்பா இருந்தபோதே வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டோம். என் பங்கு இரண்டரை ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் குச்சிக்கிழங்கு வைத்திருந்தேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிட்டது. நிவாரணப் பணமோ பெங்களூரில் இருக்கும் அண்ணன் கணக்கில் ஏறியிருக்கிறது. கூட்டுப் பட்டாவில் முதல் பெயர் அவருடையது. அதே மழையில் கறவை மாடு ஒன்றும் செத்தது. அதற்கும் பணம் வரவில்லை. அரசு மீது வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், நல்லம்பள்ளி

பதில்: உங்கள் வழக்கு ஒரே தாளில் நிற்கிறது: 1434-ஆம் பசலி அடங்கல். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை அந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைத்த கணக்கு அது. பயிர் நிவாரணம் நிலத்துக்கான இழப்பீடு அல்ல. 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் இழந்தவருக்கு அரசு தரும் இடுபொருள் மானியம். ஆகவே சாகுபடி செய்தவரே அதைக் கேட்க வேண்டியவர். அடங்கலில் உங்கள் பெயர் இருந்தால் பேச இடமுண்டு. அண்ணன் பெயர் இருந்தால் சிரமம்தான். ‘மானாவாரி’ என்று எழுதியிருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது 8,500 ஆகிவிடும்.

அடங்கலின் சான்றிட்ட நகலையும், உங்கள் கிராமத்துக் கணக்கெடுப்புப் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அரசு மீது உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 71-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே வழி. அதற்குக் காலவரம்பு இல்லை என்று சொல்லி யாரும் உங்களைத் தேற்ற வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் சொல்லாத மனுவை நீதிமன்றம் அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம். அண்ணனிடமிருந்து வசூலிக்கவோ, பணம் அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். இரண்டரை ஏக்கர் என்றால் தொகை ஏறக்குறைய 17,000. வழக்குச் செலவு அதைத் தாண்டிவிடும். முதலில் அண்ணனுக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்.

மாட்டுக்கு வருகிறேன். கறவை மாட்டுக்கு அறிவித்த தொகை 37,500 ரூபாய், உங்கள் பயிர்த் தொகையைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் கால்நடை மருத்துவரின் சான்றோ பிரேதப் பரிசோதனை அறிக்கையோ உங்கள் கடிதத்துடன் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. யாரிடமும் சொல்லாமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஓராண்டு கழித்து மாடு வெள்ளத்தில்தான் செத்தது என்றால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் கால்நடை மருந்தகத்திலும் சொல்லியிருக்க வேண்டும். இதில் நம்பிக்கை வைக்காதீர்கள்.

வாய்ப்பேச்சுப் பாகம் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. இத்தனை ஆண்டு ஒரு பாகப் பத்திரம் பதியவில்லை, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் கூட்டுப் பட்டாவின் முதல் பெயரைக் குறித்துக்கொண்டு போனதில் என்ன அதிசயம்? அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிவதற்குள் பத்திரத்தை முடியுங்கள்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னது இது. ஆவணங்களைப் பார்த்தால் கருத்து மாறலாம். அடங்கல் கைக்கு வந்ததும் சிட்டா, வங்கிப் புத்தகம், கிழங்குக் குச்சி வாங்கிய ரசீது, கிணற்று மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தருமபுரியில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அதற்கு முன் எந்தச் சம்மதக் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.