செவியால் படிக்கும் ஏடுகள்

ஊராட்சி என்பது ஊரார் யாவரும் கூடி நடத்தும் ஆட்சி. கூடி நடத்த வேண்டுமாயின், நடப்பது இன்னதென்று யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். இதன்பொருட்டே நம் மாநிலத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட்டப்படுகிறது. வரவு செலவுக் கணக்கும், பயனாளிகள் பட்டியலும், திட்ட வேலைகளின் விவரமும் ஊரார் முன் வைக்கப்படுகின்றன. இவற்றிற்குரிய ஏடுகள் இன்று கணினியில் தயாராகிக் கைப்பேசி வழியே வீடுகளுக்குச் செல்கின்றன. பாபநாசத்திலிருந்து இறங்கும் தாமிரபரணித் தண்ணீர், அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் கடந்து கடைமடை வயலை எட்டினால்தான் பாசனம் நிறைவேறியது என்கிறோம். செய்தியும் அத்தகையதே. நாம் அனுப்பும் ஏடு பார்வையற்ற ஒருவரை எட்டுகிறதா என்பதே இக்கட்டுரையில் ஆராயப் புகும் பொருள்.

பாளையங்கோட்டை காட்டிய வழி

பார்வையற்றோர் கல்வி நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887ஆம் ஆண்டு அமிர்தசரசில் தோன்றியது. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்குப் பின், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் இத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கினார். புடைத்த புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி முறை இத்தகைய பள்ளிகளின் வழியே பரவிற்று. 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்லி முறை ஏற்கப்பட்டது.

பிரெய்லி இன்றும் இன்றியமையாதது. எழுத்துக்கூட்டலையும் கணக்கையும் பிள்ளைகளுக்குப் பழக்குவது அதுவே. ஆயினும் ஊராட்சியின் அன்றாட அறிவிப்புகளையெல்லாம் பிரெய்லியில் அச்சிடுவது எளிதன்று. நடுவயதிற்குப் பின் பார்வை இழந்தோர் பலர் அம்முறையைக் கற்றவரும் அல்லர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்திற்கும் மேற்பட்டவர். இவர்களுக்கு மற்றொரு வாயிலாக அமைந்திருப்பதே திரை வாசிப்பான்.

திரை வாசிப்பான் என்பது யாது?

கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் உள்ள எழுத்துகளைப் பேச்சாக மாற்றி ஒலிக்கும் மென்பொருளுக்குத் திரை வாசிப்பான் என்று பெயர். கணினிக்குரியவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் இப்பணியைத் தொடங்கினர். அவ்விருவரும் பார்வையற்றவர்கள் என்பது இங்கே கருதத்தக்கது. தமிழ் ஏடுகளையும் இது படிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் வாசிப்பான் உண்டு. திரையில் விரலை வலப்புறம் தள்ளத் தள்ள அடுத்தடுத்த செய்தியை அது சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும்.

இக்கருவி செய்யும் வேலையின் எல்லையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். அது திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஏட்டினுள் எழுத்து எழுத்தாகவே பதிவாகியிருந்தால் அதனை எடுத்து ஒலிக்கும். இல்லையேல் ஒலிக்க அதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, பார்வையற்றவர் படிப்பதும் படிக்காததும் பெரும்பாலும் ஏட்டைத் தயாரிப்பவர் கையில் இருக்கிறது.

படமாகிவிட்ட எழுத்து

அலுவலகங்களில் ஓர் அறிவிப்பு எவ்வாறு வெளியாகிறது? கணினியில் தட்டச்சு செய்கிறோம், தாளில் அச்சிடுகிறோம், கையொப்பமும் முத்திரையும் இடுகிறோம், பின்பு அத்தாளை ஸ்கேன் செய்தோ, கைப்பேசியால் படமெடுத்தோ அனுப்புகிறோம். கண்ணுள்ளவருக்கு அதில் எழுத்து தெரிகிறது. கருவிக்கோ அது வயலையோ வரப்பையோ எடுத்த படத்தைப் போன்ற ஒரு படமே. “படம்” என்று கூறிவிட்டு அது மௌனமாகிவிடும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் உண்டு, தமிழுக்கும் உண்டு. ஆனால் மங்கலான படியில் ‘ர’கரத்தையும் துணைக்காலையும் அவை மாற்றி அறிதல் கூடும், தொகையில் ஓர் எண் பிறழவும் கூடும். பிறழ்ந்ததைக் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த இயலாதவரிடம் அச்சுமையை விடுவது முறையன்று. தட்டச்சு செய்த மூல ஏட்டையே நேராகப் பி.டி.எஃப். ஆக்கி, கையொப்பமிட்ட படியுடன் சேர்த்து வெளியிடுதல் எளிய வழியாகும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றுள்ள மின்னணுக் கையொப்பத்தைப் பயன்படுத்தும் இடங்களில் அச்சிட்டு ஸ்கேன் செய்யும் தேவையே எழாது.

பழைய எழுத்துருவின் தடை

இரண்டாவது தடை தமிழுக்கே உரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், திரையில் தமிழ் தோன்றினாலும், உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தே. அம்முறையில் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தட்டினால் கணினியில் பதிவாவது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்பதே. திரை வாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே ஒலிக்கும். ஒரு பக்கம் முழுதும் இவ்வாறு கேட்டால் எவருக்கு என்ன விளங்கும்?

இதற்குத் தீர்வு ஒருங்குறி எனப்படும் யூனிகோடு. அதில் தமிழ் எழுத்துகளுக்கு உலகெங்கும் பொதுவான குறியெண்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுள்ளது. பழைய எழுத்துருவில் உள்ள ஏடுகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகளும் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை படித்துச் சரிபார்த்தல் அவசியம்.

ஏட்டின் ஒழுங்கு

எழுத்து சரியாக இருப்பினும் ஒழுங்கு இல்லையேல் பயன் குறையும். கண்ணுள்ளவர் பக்கத்தை ஒரு நோட்டம் விட்டுத் தமக்கு வேண்டிய பகுதிக்குப் போய்விடுவார். செவியால் படிப்பவர் தலைப்புகளைக் கொண்டே தாவ வேண்டும். என்.வி.டி.ஏ.யில், இணையப் பக்கங்களிலும் முறையாக அமைந்த பி.டி.எஃப். ஏடுகளிலும், ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பிற்குச் செல்லலாம். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. மென்பொருளில் உள்ள தலைப்புப் பாணியைத் தேர்ந்து அமைத்தால்தான் கருவி அதனைத் தலைப்பென்று அறியும்.

அட்டவணையில் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையெனக் குறித்தல் வேண்டும். குறிக்காவிடில் “ஒரு லட்சத்து இருபதாயிரம்” என்று காதில் விழும். அது ஒதுக்கிய தொகையா, செலவிட்ட தொகையா என்பது விளங்காது. கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தலையும் தவிர்ப்பது நன்று. தள்ளுபடியான பெயர்களைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுவதும் போதாது. ‘தள்ளுபடி’ என்று எழுத்திலும் குறித்தல் வேண்டும். படம் சேர்த்தால் அதன் பொருளை ஓரிரு வரிகளில் மாற்றுரையாகச் சேர்த்தல் வேண்டும்.

அழகிற்காக ‘அ றி வி ப் பு’ என்று இடம் விட்டு விட்டுத் தட்டச்சு செய்வது நம் அலுவலகங்களில் காணப்படும் வழக்கம். கருவி இதனை ஒரு சொல்லாகக் கொள்ளாது. துண்டு துண்டாகவே ஒலிக்கும். ‘ஊ.ஒ.’ போன்ற சுருக்கங்களையும் முதன்முறை விரித்தே எழுதுதல் நலம்.

சோதித்தறியும் முறை

ஏட்டை அனுப்புமுன் மூன்று சோதனைகள் போதும்.

1. ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்து பாருங்கள். எழுத்துகள் தனித்தனியே தேர்வாகாவிடில் அது படம்.

2. தேர்ந்த வரியை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளாக மாறினால் அது பழைய எழுத்துரு.

3. என்.வி.டி.ஏ.யை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேளுங்கள். நம் ஏடு நமக்கே விளங்கவில்லையெனில் பிறர்க்கு விளங்காது.

படித்துக் காட்டினால் போதாதா?

“ஊரில் பார்வையற்றோர் ஓரிருவரே. எழுத்தர் படித்துக் காட்டினால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். பார்வையற்ற ஒருவர் வீட்டுத் திட்டத்திற்கு விண்ணப்பித்திருக்கிறார் எனக் கொள்வோம். பட்டியலில் தம் பெயர் விடுபட்டுள்ளது என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. பட்டியலைத் தயாரித்தவரிடமே சென்று, “என் பெயர் இருக்கிறதா, ஐயா?” என்று கேட்டு, அவர் சொல்வதையே நம்பவேண்டிய நிலையில் அவர் எவ்வாறு முறையீடு செய்வார்? கணக்கைத் தாமே படித்த பின்னரே ஒருவர் கிராம சபையில் எழுந்து வினவ முடியும். பிறர் வாயிலாக அறிபவர் சொன்னதைக் கேட்டுக்கொள்பவராகவே நின்றுவிடுவார். பார்வையற்றவருக்குப் படிக்கத்தக்க ஏடு அளிப்பது அவருடைய குடியுரிமையைச் சார்ந்த செயலாகும். இரக்கத்தால் செய்யும் உதவியன்று.

சட்டமும் இதனையே கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் வெளியாகும் செய்திகள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் அமைவதை உறுதி செய்யும் கடமையை அரசுகளுக்கு விதித்துள்ளது. மின்னணு வசதிகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இவ்வாறு அமைந்த ஏடுகளால் பிறர்க்கும் நன்மை உண்டு. கண் மங்கிய முதியோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பர். எழுத்தறியாதோர் கைப்பேசியை ஒலிக்கச் செய்து கேட்பர். அலுவலகத்திற்கும் வேண்டிய பெயரைப் பட்டியலில் நொடியில் தேடியெடுப்பது இயலும்.

இதற்குப் பெருஞ்செலவோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. ஒருநாட் பயிற்சியும் சிறிது கவனமும் போதும். ஊராட்சிச் செயலர்கள் அடுத்த கிராம சபை அறிவிப்பிலிருந்தே இதனைத் தொடங்குதல் வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தாரும் தம் ஊரில் உள்ள பார்வையற்றோரின் கைப்பேசியில் வாசிப்பானை இயக்கக் கற்றுக்கொடுத்தல் சிறந்த தொண்டாகும். ஊரின் கணக்கு ஊரார் அனைவருக்கும் உரியது. அதனைக் கண்ணால் படிப்போர்க்கும் செவியால் படிப்போர்க்கும் ஒருங்கே அளிப்போமாக.