ஹெரால்டை ஓட்டியே காப்பாற்றுங்கள்

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் ஹெரால்டு கார்கள் உருவாயின. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். ஆனால் 1968இல் வந்த நான்கு கதவு மார்க் 3 இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. அடுத்து வந்த கெஸலும் நின்று, 1980களில் ஸ்டாண்டர்டு 2000 எடுபடாமல் போக, ஆலையும் மூடப்பட்டது. மிஞ்சிய ஹெரால்டுகளை வைத்திருப்பவர்களில் பலர் செய்வது ஒன்றுதான்: வாரம் ஒருமுறை உறையை விலக்கி, போர்ட்டிகோவிலேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுவது. அக்கறையோடு செய்யப்படும் இந்தப் பழக்கம் வண்டியை மெல்லக் கொல்கிறது. பழைய காரைக் காப்பதற்கு அதைச் சாலையில் ஓட்டியாக வேண்டும். எப்படி ஓட்டுவது, எதை எப்போது கவனிப்பது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான இன்ஜினில் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் ஆயில் சூடேறுவதில்லை. அதனால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி, அமிலமும் துருவும் ஆகிறது. ஐடிலில் டைனமோ அநேகமாக மின்சாரமே தராது. ஸ்டார்ட்டர் உறிஞ்சியது பேட்டரிக்குத் திரும்புவதில்லை. வண்டி நகராததால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது, வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகுகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரம் இதையெல்லாம் விரைவுபடுத்தும். எனவே வாராவாரம் ஐந்து நிமிடம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 25 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டுங்கள்.

கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னோக்கிக் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜினைப் பார்க்கலாம். நிற்கும் இடத்தில் தரையில் ஆயில் சொட்டியிருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் அளவு என்ன, ரேடியேட்டரில் தண்ணீர், ஃபேன் பெல்ட்டின் தளர்வு, பிரேக் ஆயில் என்று வரிசையாகப் பாருங்கள். இதில் பிரேக் ஆயில்தான் உயிர்ப் பிரச்சினை. இந்தக் கார்களுக்கு ஒரே பிரேக் லைன்; எந்த ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு பிரேக்கும் போகும். ஆகவே நகர்வதற்கு முன் பெடலை அழுத்திப் பிடித்துப் பார்க்கவேண்டும். கால் மெல்லக் கீழே இறங்கினால் அன்று வண்டி எடுக்கக் கூடாது. நாள்பட நின்ற வண்டியென்றால் பெட்ரோல் பம்பின் கைநெம்பை அசைத்துக் கார்புரேட்டரை நிரப்பிய பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சென்னை வெயிலுக்கு அரை நிமிடத்தில் சோக்கை உள்ளே தள்ளிவிடலாம். நீண்ட நேரம் இழுத்தே வைத்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும்.

இதெல்லாம் ஓட்டுநரின் வேலையா, மெக்கானிக்கின் வேலையா என்ற கேள்வி எழலாம். கார் பிறந்தபோது இந்தப் பிரிவே இல்லை. மதராஸ் சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் காரைக் கட்டிய காலத்தில், கொதிகலனும் நெருப்பும் தெரியாதவர் வண்டி ஓட்டவே முடியாது. ஃபோர்டு டி மாடலில் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் நெம்பால் ஓட்டுநரே ஸ்பார்க்கை முன்பின் தள்ளவேண்டும்; பின்தள்ள மறந்து ஹேண்டில் அடித்தால் அது எகிறி மணிக்கட்டை முறிக்கும். அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் இன்றும் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கவேண்டும். ஹெரால்டு எவ்வளவோ பிந்தியது. ஆனாலும் அந்த மரபின் கடைசித் தலைமுறை. உரிமையாளரின் கவனத்தையும் ஓர் உதிரிபாகமாகக் கணக்கில் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள்.

ஓட்டும் நேரமாக ஞாயிறு விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வந்து, வாலாஜாபாத் சாலையில் படப்பை, ஒரகடம் வரை போய்த் திரும்பினால் இன்ஜின் நன்றாகச் சூடேறும். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே போடவேண்டும். நான்கும் டிரம் பிரேக் என்பதால் முன்வண்டிக்குப் பின்னே இன்றைய கார்கள் விடுவதைப் போல இரு மடங்கு இடைவெளி விடுங்கள். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென விட்டாலோ பிரேக் அடித்தாலோ பின்சக்கரம் உள்ளே மடிந்து வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சீரான ஆக்ஸிலேட்டரில் வெளியே வரவேண்டும்.

பெருங்களத்தூர், இரும்புலியூர் நெரிசலில் ஹெரால்டு கொதிக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் குறை. உடனே ரேடியேட்டரைக் குறைசொல்லிப் புதிதாக ஒன்று மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பாயின்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் ஸ்பார்க் தாமதமாகும். தாமதமானால் வெப்பம் வேலையாக மாறாமல் சிலிண்டர் தலையிலும் தண்ணீரிலும் சேரும். பீலர் கேஜை வைத்து பாயின்ட் 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம், ஆறிய இன்ஜினில் டப்பெட் 0.010 அங்குலம் எனச் சரிசெய்ய அரைநாள் போதும். கேமில் துளி கிரீஸ் தடவினால் தேய்மானமும் குறையும். இத்தனைக்குப் பிறகும் கொதித்தால் ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கலாம். பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி காத்திருங்கள்.

ஐயாயிரம் கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றவேண்டும். அன்றே முன்சக்கரங்களின் டிரனியனையும் கவனியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை இந்தப் பித்தளை வகைத் துண்டுக்குள் சுழல்கிறது. அங்கே ஊற்றவேண்டியது கியர் ஆயில், கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் இறுகிப்போகும். உள்ளே தண்ணீர் தங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் திரும்பும்போது முறிந்து சக்கரம் சாயும். எத்தனையோ நல்ல ஹெரால்டுகளை வீழ்த்தியது இந்த ஒரு தவறுதான். சர்வீசுக்கு விட்டாலும் இந்த வேலையின்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஓட்டினால் தேயுமே, பாகத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான அச்சம். தேயும் பாகத்தை வாங்கலாம், வெளிநாட்டில் டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்னும் செய்கிறார்கள், சில புதுப்பேட்டையிலும் அகப்படும். துருப்பிடித்த சேஸியை அப்படி மாற்றிவிட முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் இதைவிட வலுவான ஆட்சேபம். பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது ஊறவைக்கிறது, ஈரத்தையும் இழுக்கிறது. எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்குவதே வழி. டாங்கில் மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோல்தான் அதிகம் கெடுக்கும் என்பதால், இந்த ஆட்சேபமும் ஓட்டுவதற்குச் சாதகமாகவே முடிகிறது. புகை உண்மையான குறை. ஆனால் மாதம் இருமுறை மட்டும் ஓடும் வண்டி, ஒழுங்காக ட்யூன் செய்திருந்தால், ஊர்க் காற்றில் சேர்ப்பது மிகச் சிறிது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த, மூலவடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் எனப் பதியலாம். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். வழக்கமான போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. தாராளமாக ஓட்ட விரும்புபவர்கள் சாதாரணப் பதிவையே தகுதிச் சோதனையோடு புதுப்பித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஐப்பசி மழைக்கு முன் கதவடி, சேஸிக் கிளைகளின் வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்கள் 2015 வெள்ளத்தை மனதில் வைத்து வண்டியை மேட்டுக்கு மாற்றிவிடுவது உத்தமம். மீறி நீர் புகுந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றின் ஆயிலையும் வடியுங்கள். டிரம்களைத் திறந்து காயவையுங்கள். புது ஆயில் ஊற்றி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுழன்றால் மட்டும் பேட்டரியை மாட்டலாம்.