தொலைவிலுள்ள கணினியை ஆள எந்த மென்பொருள்?

ஓர் ஊரிலுள்ள கணினியை வேறோர் ஊரில் அமர்ந்து இயக்குவதற்கான மென்பொருள்கள் இன்று பலவாகப் பெருகிவிட்டமையால், தேடி வருபவர்கள் விலையையும் வேகத்தையும் விசாரிப்பதோடு திருப்தியடைந்து, தமக்கு வேண்டியது எவ்வகை என்ற ஆதாரமான விஷயத்தை ஆராயாமலே விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: நாம் நுழையும் வேளையில் அந்தக் கணினியின் எதிரே ஆள் இருப்பாரா?

இருப்பார் என்றால், அதாவது ஊரிலுள்ள தகப்பனாருடைய பிரிண்டர் ஓடவில்லை, மகன் சென்னையிலிருந்தே அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது போன்ற சந்தர்ப்பமானால், டீம்வியூவர், எனிடெஸ்க், விண்டோஸின் குயிக் அசிஸ்ட் ஆகியவற்றுள் ஒன்று போதும். இரு கணினிகளும் அந்தந்த நிறுவனத்தின் சர்வரை நாடிச் சென்று அதன் மூலமாகவே ஒன்றையொன்று அறிந்துகொள்வதால், வீட்டு ரவுட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எனிடெஸ்க்கில், தகப்பனார் தம் திரையில் தெரியும் எண்ணைத் தொலைபேசியில் வாசித்து, அனுமதி கேட்டு எழும் சிறு பெட்டியில் சம்மதத்தை அழுத்தினால் காரியம் தொடங்கிவிடும். இதே சௌகரியம் வஞ்சகர்களுக்கும் பயன்பட்டுவிட்டது என்பதுதான் வேதனை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைபேசியிலும் இதை நிறுவச் செய்து, அந்த எண்ணை வாங்கிக்கொள்பவன், ஓ.டி.பி. வந்து விழும் கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இதைக் குறித்து வங்கிகளை எச்சரிக்க நேர்ந்தது. இது மென்பொருளின் தோஷமன்று. சம்மதம் தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்ததன் விளைவு.

எதிரே ஆள் இல்லை, அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நம் கணினியில் வீட்டிலிருந்தபடி வேலை செய்ய வேண்டும் என்றால், விண்டோஸ்காரர்களுக்கு ஆர்.டி.பி. என்னும் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். நாம் நுழைந்தவுடன் அங்குள்ள திரை பூட்டிக்கொள்வதால், பக்கத்து மேஜைக்காரர் நம் கடிதத்தை வாசிக்க வழியில்லை. ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பு இவ்வாறு பிறரை உள்ளே ஏற்காது. புரோ பதிப்பு வேண்டும். அதைவிட முக்கியம், இதற்குரிய 3389 என்ற போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கவே கூடாது. புளூகீப் என்ற ஓட்டை 2019இல் வெளிப்பட்டபோது, ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டதென்றால், அபாயத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். வி.பி.என். என்னும் மறையாக்கப்பட்ட தனிப் பாதை வழியாக வந்து, அதன் பிறகே ஆர்.டி.பி.யைத் தொடுவது உத்தமம்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த வி.என்.சி., திரையைப் பூட்டும் ஆர்.டி.பி.க்கு நேர்மாறானது. அங்குள்ள திரையின் சித்திரத்தையே துண்டுதுண்டாக அனுப்புவதால், இருபுறத்தாரும் ஒரே காட்சியைக் காண்கிறார்கள். பாடம் நடத்துபவருக்கும், விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று கலந்து வைத்திருப்பவருக்கும் இது ஏற்றது. அதன் பழைய முறையில் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் வரும்; சித்திரமோ மறையாக்கமின்றிப் போகும். ஆகவே அதைத் தனியே நம்பலாகாது.

திரையே வேண்டாம், சர்வரில் கட்டளை தட்டினால் போதும் என்பவருக்கு எஸ்.எஸ்.ஹெச். போல் வேறில்லை. தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைக் கண்ட ஃபின்லாந்தின் டாட்டு யூலொனென் 1995இல் இதை இயற்றினார். எழுத்து மட்டுமே பயணம் செய்வதால், மெதுவான இணைப்பிலும் இது தளராது. கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பை வைத்துக்கொள்வது நல்லது.

எதைத் தேர்ந்தாலும், அவசரத்துக்காக நிறுவியதை வேலை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம், தாங்களே அழைத்துப் பேசாத எவருக்கும் திரையில் தெரியும் அந்த எண்ணை வாசிக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவையுங்கள்.