பனிக்குப் பைப் சுருங்குமா?

ஜனவரி பிறந்தால் போதும், நுவரெலியாவிலும் ஹட்டனிலும் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான்: "பனிக்குப் பைப் சுருங்குது, அதான் மூட்டு ஒழுகுது. மாசி போனா தானா நின்னுரும்." தோட்டத்துச் சனம் சொன்னாலும் பரவாயில்லை. பைப் வேலை செய்து கூலி வாங்குகிறவர்களே இதைச் சொல்வதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்பு 10 பாகை குளிர்ந்தால் மீட்டருக்கு 0.12 மில்லிமீட்டர் சுருங்கும். அரை அங்குலக் குழாயின் மரை வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அந்த விட்டத்தில் சுருக்கம் ஒரு மில்லிமீட்டரின் 400இல் ஒரு பங்குதான். அதிலும் குழாய் இரும்பு, சொக்கட்டும் இரும்பு. சுருங்கினால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும். இடைவெளி எங்கிருந்து வரும்?

பிறகேன் பனிக்கால இரவில் ஒழுக்கு கூடுகிறது? அழுத்தம். தண்ணீர்த் தாங்கி மேட்டில் இருக்கிறது, லயம் பள்ளத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் ஏறும். தாங்கிக்கு 60 மீட்டர் கீழே உள்ள லயத்தில் 6 பார். பகலில் நாலு வீட்டில் தண்ணீர் பிடிக்கும்போது குழாயில் ஓடும் நீரின் உராய்வில் அதில் ஒரு பகுதி போய்விடும். இரவில் எல்லா டெப்பும் மூடியிருக்கும். முழுப் பாரமும் மூட்டின் மேல் வந்து உட்காரும். பனிக்காலத்தில் பொழுது சாயும்போதே கதவடைத்துவிடுகிறோம், அந்தக் குளிரில் யார் தண்ணீரைத் தொடுவது? நம்பாதவர்கள் ஒரு நாள் நடுப்பகலில், அதே தாங்கியில் தண்ணீர் எடுக்கும் வீடுகள் எல்லாவற்றிலும் கால்மணி நேரம் டெப்பை மூடச் சொல்லிவிட்டு மூட்டைப் பாருங்கள். வெயிலிலேயே ஒழுக்கு கூடும்.

இந்த வதந்தி வெறும் பேச்சோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். "சுருங்கினதை இறுக்கிவிடுவோம்" என்று ரெஞ்சைத் தூக்குகிறார்களே, அங்குதான் நாசம். நடுத்தர ரக அரை அங்குல இரும்புக் குழாயின் சுவர்த் தடிப்பு 2.6 மில்லிமீட்டர். மரை வெட்டும்போது அதில் 1.16 போய்விடுகிறது, மேலே பூசிய நாகமும் போய்விடுகிறது. ஆக, குழாயிலேயே மெலிந்த இடமும் முதலில் துருப்பிடிக்கிற இடமும் மரைதான். பழைய லயத்தில் கழற்றி எடுத்த ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்: நுனி மரைகள் கரைந்து மழுங்கியிருக்கும், நகத்தால் சுரண்டினால் செம்பொடி உதிரும். அதைப் பிடித்து முறுக்கினால் உடைந்த துண்டு சுவருக்குள் நிற்கும். முற்றத்துக் குழாயில் தொடங்கிய வேலை சுவர் உடைப்பதில் முடியும்.

"மலைத் தண்ணி சுத்தம், பைப்பை ஒன்றும் செய்யாது" என்பதும் தவறு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை நீர் குழாயின் உள்ளே படிவு கட்டும்; அந்தப் படிவே இரும்புக்கு ஒரு கவசம். நம் மலைப்பாறைகளில் இருந்து வரும் மென்னீரில் அந்தப் படிவு கட்டாது. பீலித் தண்ணீர் குடிக்க இனிக்கலாம், இரும்பை அது தின்னும்.

சரியான வேலை இதுதான். வால்வை மூடுங்கள். ஒரு ரெஞ்சால் பழைய குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் டெப்பைக் கழற்றுங்கள். ஒற்றை ரெஞ்சால் திருகினால் சுவருக்குள் இருக்கும் அடுத்த மூட்டும் சேர்ந்து திரும்பிவிடும். கம்பித் தூரிகையால் மரையைத் தேயுங்கள். மரை தேய்ந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள், வேறு வழியில்லை. நன்றாக இருந்தால் நுனியை உங்கள் பக்கம் வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் மரையின் மேல் ஒழுக்கடைக்கும் டேப்பைச் சுற்றுங்கள். கையால் இறுகும் மட்டும் திருகி, ரெஞ்சால் ஒன்றரை, இரண்டு சுற்று. டெப் நேராக நிற்கவில்லையென்று பின்னால் திருப்பாதீர்கள், டேப் கிழிந்து மறுபடி ஒழுகும்.

மற்றவை சில்லறை. சைக்கிள் டியூப் கட்டினால் சில நாள் நிற்கும், உள்ளே துரு வளரும். வாயில் சொட்டும் டெப்புக்கு வாஷர் மாற்ற வேண்டும், கைப்பிடியை நெரித்துப் பயனில்லை. செவ்வீயப் பூச்சில் தோய்த்த சணல் அந்தக் காலத்து வைத்தியம். அதில் ஈயம் இருக்கிறது, குடிநீர்க் குழாயில் வேண்டவே வேண்டாம். பி.வி.சி. போட்டால் கவலை தீர்ந்தது என்பவர்கள் குழாயில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்: 400 என்றால் 4 பார், 40 மீட்டர் இறக்கம் வரைதான். இரும்பு மரையை பி.வி.சி. சொக்கட்டுக்குள் இறுக்கினால் சொக்கட் பிளக்கும். உள்ளே பித்தளை பதித்தது வாங்குங்கள்.

ஆனால் எத்தனை மூட்டை மாற்றினாலும், மேட்டுத் தாங்கியில் இருந்து நேராக இறங்கும் அழுத்தத்தைக் குறைக்காமல் ஒழுக்கு ஓயாது. நடுவழியில் அழுத்தம் முறிக்கும் சின்னத் தொட்டி ஒன்று, லயத்துக்கு ஒரு வால்வு. இவ்வளவுதான் தேவை. வால்வே இல்லாத லயத்தில் ஒரு வாஷர் மாற்றவும் மேலே ஏறிப்போய்த் தாங்கியையே அடைக்க வேண்டியிருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயங்களும் கூடவே போயின. ஆகவே தோட்டக் கூட்டத்தில் சம்பளத்தோடு இந்த வால்வையும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.