குஞ்சுகளுக்கு இரவுப் பகை

பருந்துக்கும் காகத்திற்கும் அஞ்சிப் பகலெல்லாம் குஞ்சுகளைக் காக்கும் நம் அங்கத்தினர்கள், அந்தியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்ததும் கவலை தீர்ந்ததென எண்ணுகின்றனர். மண்ணைத் தோண்டி வரும் எலியையும் பெருச்சாளியையும் பஞ்சாரம் தடுக்காது.

சேதத்தின் தன்மையே பகையைக் காட்டும். சுவடின்றிக் குஞ்சுகள் குறைந்தால் எலியையோ பாம்பையோ ஐயுறுக. கழுத்துக் கடியுண்டு பல ஒருங்கே மடிந்து கிடந்தால், அது ஊனுண்ணும் விலங்கொன்றின் செயலாகலாம்.

இரவில் அடைக்க மரக்கூடு வேண்டும். 1 அங்குலக் கண்ணுள்ள வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி எலியைத் தடுக்காது. ஆகவே கூட்டின் பக்கங்களிலும் அடியிலும் 1/4 அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்திடுக. சிந்திய தீவனம் எலியை அழைக்கும், மாலையிலேயே அகற்றுக.

சங்கக் கடனில் வாங்கிய குஞ்சுகள் இறந்தாலும் தவணை குறைவதில்லை. வலையின் செலவைக் குஞ்சின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் நன்று.