பாசி தின்னும் மீன்

2007ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. சீன நாட்டில் வூஷி என்ற நகரம். மக்கள் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் நாறியது. வாயில் வைக்க முடியவில்லை. கடைகளில் பாட்டில் தண்ணீரும் தீர்ந்து போனது. சுமார் 20 லட்சம் பேர் தவித்தார்கள்.

ஊருக்குத் தண்ணீர் தந்தது டாய்ஹு ஏரி. பெரிய ஏரி. அதில் பச்சைப் பாசி பாய் விரித்தது போலப் படர்ந்துவிட்டது.

பாசி ஏன் இப்படி வளர்கிறது? பயிருக்கு உரம் போடுகிறோம். பயிர் செழிக்கிறது. ஏரியில் சாக்கடை கலக்கிறது. வயலில் போட்ட உரமும் மழையில் கரைந்து வருகிறது. அது பாசிக்கு உரம்.

குடிநீர் சுத்தம் செய்யும் இடத்திலும் பாசி தொல்லைதான். மணல் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சில வகைப் பாசியில் நஞ்சும் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பலருக்கு இது தெரியாது.

பாசியைத் தின்ன மீன் விடலாமா? விடலாம். எந்த மீன் என்று பார்த்து விட வேண்டும்.

வெள்ளிக் கெண்டை என்று ஒரு மீன். 1959இல் நம் நாட்டுக்கும் வந்தது. மாவு சலிக்கும் சல்லடை தெரியும் அல்லவா? இந்த மீனின் செவுளில் அப்படி ஒன்று இருக்கிறது. மீன் வாயால் நீரை இழுக்கும். நீர் செவுள் வழியே வெளியே போகும். பாசி சல்லடையில் தங்கும். மீன் அதை விழுங்கிவிடும்.

சீனாவின் வூஹான் நகரில் கிழக்கு ஏரி இருக்கிறது. 1970களில் அங்கே கோடையில் பாசி மூடிக்கிடக்கும். வெள்ளிக் கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் ஏராளமாக வளர்த்தார்கள். 1985இல் பாசிப் படலம் மறைந்தது. மீன்தான் காரணமா? ஆய்வாளர்கள் ஏரிக்குள்ளேயே தடுப்புக் கட்டிச் சோதித்தார்கள். மீன் இல்லாத தடுப்பில் பாசி திரும்ப வந்தது. மீனை விட்டார்கள். பாசி போனது.

சாதாக் கெண்டையை விட்டால் கதை வேறு. அது சேற்றைக் கிளறும். அடியில் கிடக்கும் சத்து மேலே வரும். பாசிக்கு மறுபடியும் உரம்! குடிநீர் ஏரியில் தவிடும் புண்ணாக்கும் போட்டு மீன் வளர்த்தாலும் இதே கதிதான்.

வெள்ளிக் கெண்டையிலும் ஒரு குறை உண்டு. மிகப் பொடியான பாசி அதன் சல்லடையில் நிற்காது. மீனின் கழிவும் நீரில்தான் விழுகிறது. அதனால் வளர்ந்த மீனைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். மீன் விட்ட ஏரி நீரையும் வடிகட்ட வேண்டும். குளோரின் போட வேண்டும். அதன் பிறகுதான் குடிக்கலாம்.

டாய்ஹு ஏரியிலும் மீன் விட்டார்கள். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் கட்டினார்கள். ஆனாலும் வெயில் காலத்தில் பாசி வருகிறது. படகில் போய் அள்ளுகிறார்கள்.